அவசரக் கைகளும் அடிபட்ட தாடையும்



உங்கள் ஆள்காட்டி விரலைக் காதுத் துவாரத்திற்குச் சற்று முன்னால், கன்னத்தின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் குமிழ் போன்ற ஏதோ ஒன்று உருண்டு முன்னே போய், மறுபடியும் தன் இடத்திற்குத் திரும்புகிறது அல்லவா? அதுதான் உங்கள் கீழ்த்தாடையின் மூட்டு. நாம் பேசுவதும், மெல்லுவதும், கொட்டாவி விடுவதும் இடமும் வலமுமாக உள்ள இந்த இரு மூட்டுகளின் தயவால்தான்.

இந்தத் தாடை முறிந்தாலோ மூட்டு விலகினாலோ அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி இங்கே எழுதப்போகிறேன். இது டாக்டர் எழுத வேண்டிய கட்டுரை, இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதை நான் எழுதுவதற்குக் காரணம், நானே செய்த ஒரு தவறு.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு மாலை கல்லூரி மைதானத்தில் ஹாக்கி ஆட்டம். ஓங்கிய மட்டை ஒன்று, பந்தை நோக்கிக் குனிந்து வந்த ஒரு மாணவனின் மோவாயில் பட்டுவிட்டது. வாயெல்லாம் இரத்தம். முதலில் ஓடியவன் நான்தான். பள்ளி நாட்களில் சாரணர் இயக்கத்தில் முதலுதவிப் பயிற்சி பெற்றவன் நான், சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன். "எலும்பு முறிந்தால் படுக்க வை, அசையாமல் கட்டு" என்ற பாடம் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. அப்படியே செய்தேன். அவனை மல்லாந்து படுக்க வைத்தேன். யாரோ கொடுத்த துண்டை மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அவன் கைகளை உதறினான். எழுந்திருக்கப் பார்த்தான். "பயப்படாதேப்பா, அசையாம படு" என்று அவன் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. அதை வலியால் எழும் முனகல் என்றே நான் நினைத்தேன்.

அப்போது மைதானத்தில் கோடு போடும் பணியாளர் ஓடிவந்தார். அவர் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "விடுங்க சார்! ரத்தம் தொண்டைக்குள்ள எறங்குது, எப்படி சார் மூச்சு விடுவான்?" என்று என் கைகளைத் தட்டிவிட்டார். கட்டை அவிழ்த்தார். அவனை உட்கார வைத்து, தலையை முன்பக்கமாகக் குனிய வைத்தார். ஒரு கை அளவு இரத்தமும் உடைந்த பல் ஒன்றும் தரையில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் அவனுக்கு நல்ல மூச்சு வந்தது.

தாடையில் இரண்டு இடங்களில் முறிவு. மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல வாரங்களுக்குப் பாலும் கஞ்சியும்தான். மருத்துவமனையில் நான் பார்க்கச் சென்றபோது, பேச முடியாத அவன் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: "அடிபட்டப்பகூட பயமில்ல சார். நீங்க தோளைப் பிடிச்சு அழுத்தினப்பதான் செத்துடுவேன்னு நெனச்சேன்."

அவன் நலமடைந்தான், தேர்வும் எழுதினான். ஆனால் அந்தக் காகிதம் என்னை விடவில்லை. அன்று காலைதான் வகுப்பில் புவியீர்ப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். நீர்மம் தாழ்வான இடத்தை நோக்கி ஓடும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மல்லாந்து கிடப்பவனின் வாயில் தாழ்வான இடம் தொண்டைதான் என்பது எம்.எஸ்ஸி. படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை?

பலமுறை யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முதலுதவியை நான் பட்டியலாகப் படித்திருந்தேன், காரணத்தோடு படிக்கவில்லை. கால் முறிந்தவனுக்கு உயிர் காக்கும் விதி, தாடை முறிந்தவனுக்கு உயிர் பறிக்கும் விதியாகிவிடும். காரணம் தெரியாதவனால் இந்த வேறுபாட்டைக் காண முடியாது. ஆகவே முதலுதவியை ஏதோ ஒரு நாள் நடக்கும் தனிப் பயிற்சியாக ஒதுக்கிவிடாமல், அறிவியல் வகுப்பிலேயே, அறிவியலாகவே எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும். இதுதான் என் கருத்து. அடிபட்ட தாடையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

நாக்கின் நங்கூரம்

நாக்கு வாய்க்குள் தானாக மிதந்துகொண்டிருக்கவில்லை. அதை முன்னோக்கி இழுத்து வைத்திருக்கும் முக்கியமான தசை, மோவாய் எலும்பின் உட்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. படகுக்கு நங்கூரம் போல நாக்குக்கு மோவாய். தாடையின் முன்பகுதி இருபுறமும் முறிந்து தளர்ந்துவிட்டால் நங்கூரம் அறுந்தது போலாகிவிடும். அந்த நிலையில் ஒருவரை மல்லாத்தினால், புவியீர்ப்பு நாக்கைப் பின்னோக்கித் தள்ளும். அது மூச்சு வழியை அடைக்கும். கூடவே இரத்தமும் உமிழ்நீரும் பல் துண்டுகளும் அதே வழியில் இறங்கும். போதாக்குறைக்கு நாம் வாயை இறுக்கிக் கட்டிவிட்டால், வாந்தி வந்தாலும் வெளியேற வழியில்லை.

இன்று இரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, வாயில் ஊறும் உமிழ்நீரைச் சில விநாடிகள் விழுங்காமல் இருங்கள். அது எங்கே சேருகிறது? பிறகு எழுந்து உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து பாருங்கள். இப்போது எங்கே சேருகிறது? நான் அன்று மறந்துபோன பாடம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை மிகப் பெரிது. 1914-இல் தொடங்கி 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பதுங்கு குழியிலிருந்து தலையை உயர்த்திய வீரர்கள் ஏராளமானோர் முகத்திலும் தாடையிலும் குண்டடி பட்டார்கள். பிரிட்டிஷ் படையில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் வில்லியம் கெல்சி ஃப்ரை. பல் மருத்துவமும் கற்றவர். தாடையில் குண்டடி பட்ட ஒரு வீரரை அவர் தலையை முன்புறம் தாழ்த்திப் பிடித்தபடி நடத்தியே அழைத்துச் சென்றார். வழியெல்லாம் அந்த வீரர் மூச்சு விட்டார். சிகிச்சை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ஃப்ரை திரும்பினார். அங்கிருந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அவரை ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுக்க வைத்தார்கள். சற்று நேரத்தில் அவர் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

முகத்தில் அடிபட்டவர்களை மல்லாத்திக் கொண்டுபோகக் கூடாது என்பதை வலியுறுத்தியவர்களுள் ஃப்ரையும் ஒருவர். பின்னாளில் அவர், முகச் சீரமைப்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஹெரால்டு கில்லீசுடன் சேர்ந்து பணியாற்றினார். இங்கிலாந்தில் சிட்கப் என்னும் ஊரில் 1917-இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய மருத்துவமனையில் 5000-க்கும் மேற்பட்ட வீரர்கள் சிகிச்சை பெற்றனர். ஆனால் அந்த மேசைவரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்குத்தானே கில்லீசால் சிகிச்சை செய்ய முடிந்தது? எங்கள் மைதானப் பணியாளருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்குமா என்று நான் கேட்டதில்லை. பாடம் மட்டும் அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

என்ன செய்ய வேண்டும்? ஏன்?

இப்போது முறைகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றோடும் அதன் காரணத்தையும் சேர்த்தே படியுங்கள்.

அடிபட்டவர் நினைவோடு இருந்தால், உட்கார வைத்து முன்பக்கம் குனிய வையுங்கள். இரத்தமும் எச்சிலும் வெளியே வழியட்டும். விழுங்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அவரே தனக்கு மூச்சு விட வசதியான நிலையைத் தேடிக்கொள்வார்; அவர் தேடிக்கொண்ட நிலையை மாற்றாதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத செய்தி அவர் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அன்று என் மாணவன் எழப் பார்த்தானே, அது முரண்டு அல்ல. அவன் உடல் சொன்ன சரியான விடை.

தாடைக்குக் கட்டுப் போடாதீர்கள். மடித்த சுத்தமான துணியை அவர் கையிலேயே கொடுத்து, தாடையை அடியிலிருந்து மெல்லத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் கை உடனே விலகும், முடிச்சு விலகாது.

வெளிக்காயத்தில் இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். வாய்க்குள் பஞ்சையோ துணியையோ அடைக்காதீர்கள். வீக்கத்தின்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இலேசாக வைக்கலாம்; வலியும் வீக்கமும் குறையும். தண்ணீர், சோடா, காப்பி எதுவும் வேண்டாம். விழுங்குவது கடினம் என்பது ஒரு காரணம். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது என்பது இன்னொரு காரணம்.

நினைவிழந்து, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தாடையை உடைக்கும் அளவுக்கு வலுவான அடி கழுத்தையும் தாக்கியிருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி மெதுவாக உருட்டுங்கள். வாய் தரையை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் 108-ஐ அழைத்து, அவர்கள் சொல்லும்படி நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும். எந்த நிலையிலும் 108 ஆம்புலன்சைத் தாமதமின்றி அழைப்பது முதல் வேலைகளில் ஒன்று.

விழுந்த பல் முழுதாகக் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். வேர்ப்பக்கத்தைத் தொடாமல், வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாமல் ஒரு டம்ளர் பாலில் போட்டு, கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நிலைப்பல்லாக இருந்தால், ஒரு மணி நேரத்திற்குள் சேர்ந்தால் அதைத் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு.

வளையலும் தாடையும்

ஒரு கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைக்க முடியுமா? பெரும்பாலும் இரண்டு துண்டாகத்தான் உடையும். தாடையும் மண்டையோட்டுடன் சேர்ந்து ஒரு வளையம் போல அமைந்திருக்கிறது. அதனால் ஒரு முறிவைக் கண்டால், இன்னொன்றும் இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் தேடுகிறார்கள். மோவாயில் விழுந்த அடி, எலும்பின் வழியே பயணம் செய்து, காதோரத்தில் குமிழுக்குக் கீழே உள்ள ஒடுங்கிய கழுத்துப் பகுதியை முறிப்பது சாதாரணம். மின்சுற்றில் உருகி எரிந்து கருவியைக் காப்பது போல, இந்தக் கழுத்து முறிவதால்தான் குமிழ் மண்டைக்குள் பாயாமல் தடுக்கப்படுகிறது. அடி மோவாயில், வலி காதில் என்றால் வியப்படையாதீர்கள்; அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனில் அரண்மனைக் காவல் வீரர்கள் அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நிற்பார்கள். கால்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைய, சிலர் மயங்கி மரம் போல முன்பக்கம் சாய்வார்கள். மயங்கியவன் கையை ஊன்ற மாட்டான்; மோவாய்தான் தரையில் மோதும். மோவாயின் நடுவிலும் இரு காதோரங்களிலுமாக மூன்று இடங்களில் முறியும். மருத்துவ நூல்கள் இதைக் 'காவல் வீரர் முறிவு' என்றே அழைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று அதிகம். தலையின் நிறையைச் சுமார் 4 கிலோ என்று கொள்வோம். நூறில் ஒரு பங்கு விநாடியில் அது நின்றுவிட்டால், விசை ஏறத்தாழ 2000 நியூட்டன். அதாவது 200 கிலோ எடையைத் தூக்கி மோவாயில் வைத்தது போல. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வெறும் வயிற்றோடு, வெயிலில் நிற்கும் உங்கள் தோழனுக்குத் தலை சுற்றினால் அவனை உடனே உட்கார வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். "பேசாமல் நில்" என்று அதட்டுவது ஒழுக்கம் ஆகாது.

தாடை முறிந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? பற்கள் வழக்கம்போலச் சேரவில்லை என்று அடிபட்டவரே சொல்வார். கீழுதடோ மோவாயோ மரத்துப் போயிருக்கலாம். வாய்க்குள் இரத்தம் கசியலாம். முகம் ஒரு பக்கம் வீங்கலாம். இவற்றுள் ஒன்று இருந்தாலும் முறிவு என்றே கொண்டு நடந்துகொள்ளுங்கள். வாயைப் பெரிதாகத் திற, ஆட்டிக் காட்டு என்று சோதிக்காதீர்கள்.

கொட்டாவியில் கழன்ற தாடை

இனி மூட்டு விலகுவதைப் பார்ப்போம். இதற்கு அடிபட வேண்டும் என்பதில்லை. பெரிய கொட்டாவி, பல் மருத்துவரிடம் நெடுநேரம் வாயைத் திறந்திருத்தல், வாந்தி, வலிப்பு ஆகியவையே போதும். தாடைக் குமிழ் ஒரு குழியில் இருக்கிறது. குழிக்கு முன்னால் எலும்பாலான ஒரு சிறு மேடு. வாயைத் திறக்கும்போது குமிழ் இந்த மேட்டின் மேல் வழுக்கி முன்னே வருகிறது. அளவு மீறித் திறந்தால் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. உடனே வாயை மூடும் தசைகள் இறுகி, குமிழை அங்கேயே மேல்நோக்கி இழுத்துப் பூட்டிவிடுகின்றன. வாய் திறந்தது திறந்தபடி. பேச்சு குழறும், எச்சில் வழியும். ஒரு பக்கம் மட்டும் விலகினால் மோவாய் மறுபக்கம் கோணும்.

கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. மோவாயைக் கீழிருந்து மேலே தள்ளப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. நீங்கள் சமநிலையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பள்ளத்தில் கிடக்கும் கோலிக்குண்டை அசைத்தால் அது பள்ளத்திற்கே திரும்பும். குமிழும் இப்போது மேட்டுக்கு முன்னால் அப்படியொரு நிலையில்தான் சிக்கியிருக்கிறது. மோவாயை மேலே தள்ளினால் குமிழ் மேட்டின்மேல் இன்னும் அழுந்தும். அறைந்தால் வலி கூடும். வலி கூடினால் தசை இன்னும் இறுகும். பூட்டு இன்னும் பலமாகும்.

மருத்துவர் என்ன செய்கிறார்? இரு கட்டை விரல்களையும் துணி சுற்றி வாய்க்குள் விட்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் பக்கம் கீழ்நோக்கி அழுத்துகிறார். மற்ற விரல்களால் மோவாயை உயர்த்துகிறார். நம் தாடை சாதாரணமாக இடுக்கியைப் போல மூன்றாம் வகை நெம்புகோல்: மூட்டு ஆதாரப் புள்ளி, நடுவில் தசையின் விசை, முன்னால் பற்களில் பளு. கரும்பை முன்பல்லால் கடிக்காமல் கடைவாயில் வைத்துக் கடிக்கிறோமே, பளுவை ஆதாரப் புள்ளிக்கு அருகில் கொண்டுபோவதற்குத்தான். ஆனால் மருத்துவரின் கட்டை விரல் அழுத்தும் இடமே புதிய ஆதாரப் புள்ளி ஆகிவிடுகிறது! மோவாய் மேலே எழும்பினால் மறுமுனையில் உள்ள குமிழ் கீழே இறங்கும். கடப்பாரையால் கல்லை நெம்புவது போன்ற முதல் வகை நெம்புகோல் இது. குமிழ் மேட்டுக்குக் கீழே இறங்கியதும் தாடையைப் பின்னோக்கித் தள்ளினால், அது தன் குழிக்குள் போய்விடுகிறது.

இந்த முறை நேற்றுக் கண்டுபிடித்ததன்று. எகிப்தில் லக்சர் நகரில் 1862-இல் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய பழைய பாப்பிரஸ் சுவடி ஒன்று கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் 1930-இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். காயம்பட்டோர் 48 பேரைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. விலகிய தாடையைக் கட்டை விரலை வாய்க்குள் விட்டுச் சரிசெய்யும் முறை அதில் இருக்கிறது. ஹிப்பாக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களிலும் இதைப் போன்ற முறை உண்டு. அந்த எகிப்திய மருத்துவரிடம் நான் வியப்பது இன்னொன்றை. விலகிய தாடைக்கு, இதற்கு நான் சிகிச்சை செய்வேன் என்கிறார். காயத்தோடு நொறுங்கிய தாடைக்கோ, இது சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என்று ஒதுங்கிவிடுகிறார். தன் கையின் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் கையின் எல்லையும் நமக்குத் தெரிய வேண்டும். மேலே படித்த நெம்புகோல் முறையை நாமே செய்து பார்க்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். கூடவே கூடாது. விலகல் போலத் தெரிவது முறிவாகவும் இருக்கலாம்; அதை எக்ஸ்ரே படம்தான் சொல்லும். இறுகிய தசையைத் தளர்த்த மருந்து வேண்டியிருக்கலாம். தாடை திடீரென்று குழிக்குள் விழும்போது, வாய்க்குள் இருக்கும் கட்டை விரல் கடிபடும் என்பதும் நினைவிருக்கட்டும். நாம் செய்ய வேண்டியது எளிது: அவரைப் பதற்றமின்றி உட்கார வைத்து, தலையை முன்புறம் சாய்த்து, தாடையைத் துணியால் தாங்கச் சொல்லி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது. நேரமாக ஆகத் தசை இறுக்கம் கூடும்.

சில மறுப்புகள்

இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தர நேரம் எங்கே என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். புதிதாக ஒரு பாடம் சேர்க்கச் சொல்லவில்லை. நெம்புகோல் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. கத்தரிக்கோல், பாக்குவெட்டி, இடுக்கி ஆகியவற்றோடு தாடையையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா? "மூன்றாம் வகை நெம்புகோலுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக" என்று கேட்பதற்குப் பதிலாக, "தாடை முறிந்தவரை ஏன் மல்லாத்திப் படுக்க வைக்கக் கூடாது?" என்று தேர்வில் ஒரு வினா கேட்டுப் பாருங்கள். அந்த விடையை எந்த மாணவனும் ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் சாரணர் இயக்கமும் இருக்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. அவை நல்ல பணி செய்கின்றன. ஆனால் அவற்றில் சேர்ந்தவர் சிலரே. விபத்து நடக்கும் இடத்தில் நிற்பவரோ யாராகவும் இருக்கலாம். சேர்ந்திருந்த நானே என்ன செய்தேன் என்பதைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே!

அரைகுறை அறிவு ஆபத்து, தெரியாதவர்கள் தொடாமல் இருப்பதே மேல் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. அன்று நான் தொடாமல் இருந்திருந்தால் அந்த மாணவன் தானாகவே எழுந்து குனிந்திருப்பான். ஆனால் அடிபட்டவர் நினைவிழந்திருந்தால்? அவரால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. அங்கே தொடாமல் நிற்பது உதவியாகாது. ஆகவே அரை அறிவுக்கு மருந்து, அறிவையே ஒதுக்குவது அன்று, முழு அறிவு.

போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. தன் பெயரை வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை உங்கள் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

எனக்கு ஓர் ஆசை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் உட்கார வைத்துக் குனிய வைத்துப் பழகட்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழகட்டும். ஒவ்வொரு செயலின்போதும் ஆசிரியர் "ஏன்?" என்று கேட்கட்டும். ஆசிரியர்களும் கூடவே கற்கட்டும். எங்களுக்கும் அது தேவை.

எகிப்திய மருத்துவர் கைவிட்ட நொறுங்கிய தாடையை, இன்றைய மருத்துவர் சிறு தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு இணைத்துவிடுகிறார். அறிவியல் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் விபத்து நடந்த இடத்திற்கும் அந்த மருத்துவருக்கும் இடையில் இருக்கும் அந்த அரை மணி நேரம் இன்னமும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் என் மாணவர்களிடம் அந்தக் காகிதத்தில் இருந்த வரிகளைச் சொல்லிவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறேன். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். "ஐயா, அடுத்த வாரம் ஒரு பாடவேளை தருவீர்களா?" என்று கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.